கிளிவாட்டர்

பலகையில் கிளிப்வாட்டர் என்றுதான் இருந்தது.
ஆப்பிரிக்கான்ஸில் கல், தண்ணீர். அவ்வளவே.
முதலில் வந்த மாட்டுவண்டிக்காரன்
கல்லைப் பார்த்திருக்கிறான், தண்ணீரைப் பார்த்திருக்கிறான்,
மேற்கொண்டு யோசிக்க நேரமிருந்திருக்காது.

நிலக்கரி வெட்ட வந்த நம்மவர் காதில்
கல் விழவில்லை.
கிளி விழுந்தது.

இங்கே கிளியே கிடையாது.
ஜூலையில் குழாய்க்குள் தண்ணீர் உறைகிற ஊர்.
ஆனாலும் தகரக் கூரை போட்டு
மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பியபோது
வளைவில் இரண்டு கிளி வைத்தார்கள்.
பச்சை பெயின்ட் போதாமல்
ஒன்று பாதி நீலம்.

நான் முனிசிபாலிட்டியில் தண்ணீர் மீட்டர் பார்ப்பவன்.
இருபத்தாறு வருடம்.
நாய்களின் பெயர் எல்லாம் தெரியும்.
ஊரின் சரித்திரம் எனக்கு
இரும்பு மூடிகளுக்குக் கீழே
சிலந்தியோடு எண்களாக இருக்கிறது.

ஸ்டேஷன் தெரு பன்னிரண்டு, ஃபான் ரென்ஸ்பர்க் வீடு.
ரோஜாவே பாதித் தண்ணீரைக் குடித்துவிடும்.
பாட்டன் காலத்தில் ஆங்கிலேயப் பட்டாளம்
பண்ணையைக் கொளுத்தியதாம்.
அந்தச் சூடு இன்னும் ஆறாமல்
கிழவர் இங்கிலீஷில் வாய் திறக்கமாட்டார்.
அவர் பாஷையிலேயே பில்லை நீட்டுவேன்.
அவர் பாஷையிலேயே திட்டுவார்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் பக்கம்.
அறுபத்தேழில் ஒரு சட்டம் வந்து
கடைவீதியில் இருந்தவர்களை அள்ளி
அங்கே கொட்டியது.
ஒன்பது கடை, நூற்றுப் பதினான்கு பேர்.
சாமான் ஏற்ற அரசாங்கம் லாரி அனுப்பியது.
அமிர்தம் கைலாசம் ஏறவில்லை.
தையல் மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு
ஒவ்வொரு ஸ்லீப்பர் கட்டையாகத் தாண்டினாள்.
"தொரத்துறவன் வண்டியில யாராவது போவாங்களா?"
அந்த மெஷின் பலகையில் இன்னும்
லாரிக்காரன் ஒட்டிய நம்பர் சீட்டு உண்டு. எழுபத்தொன்று.

சுரங்கத்தை மூடிய சனிக்கிழமை
ஊர் கால்பந்து ஆடியது.
மேட்ச் முன்பே குறித்தது, தள்ளிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.
காலையில் கணக்குத் தீர்த்து அனுப்பப்பட்ட மபிஸேலா
மாலையில் ஒரு பெனால்டியைப் பிடித்தார்.
பந்தை விடவே இல்லை.
நடுவர் இரண்டு தடவை விசில் ஊதினார்.

இந்த ஊர் யாரையும் கட்டிக்கொள்ளாது.
கடன் கேட்டால் இல்லை என்னும்,
இருட்டிய பிறகு கவரில் போட்டு
உன் கேட்டில் செருகிவிட்டுப் போகும்.
சாவு விழுந்தால் பெரிய பானையோடு வரும்.
வறட்சிக் காலத்தில், யார் ராத்திரியில்
தக்காளிக்குத் தண்ணீர் விட்டார்கள் என்று
என்னிடம்தான் வந்து கோள் சொல்லும்,
மூன்று மொழியில்.

போன வருடம் பெயரை மாற்றக் கூட்டம் போட்டார்கள்.
நான்கு மணி நேரம்.
ஜுலுவில் ஒரு ஆற்றின் பெயர் சொன்னார்கள்,
அந்த ஆறு இது இல்லை என்றது இன்னொரு தரப்பு.
வண்டிக்காரனின் கொள்ளுப்பேரன் வக்கீலோடு வந்திருந்தான்.
கடைசி வரிசையில் தேவசகாயம் படையாச்சி எழுந்து
"கிளி" என்றார்.
சிரிப்பு.
மபிஸேலாவின் மகள் நோம்புசோ மட்டும் கேட்டாள்,
அப்படியென்றால் என்ன?
பறவை.
எங்கே இருக்கும்?
படையாச்சி கொஞ்சம் யோசித்தார்.
அதற்குள் கரண்ட் போய்விட்டது.

பழைய பலகையைக் கழற்றியாயிற்று, புதியது வரவில்லை.
பதினோரு மாதமாக
இரண்டு இரும்புக் கால்கள் மட்டும் நிற்கின்றன.
ரொட்டி லாரி தவறாமல் வருகிறது.
வழி தெரியாதவர்கள் காரை நிறுத்தி
இது எந்த ஊர் என்கிறார்கள்.
எதிரில் யார் நிற்கிறார்களோ, அவர்கள் சொல்வது.

நேற்று கோயில் மீட்டரைத் திறந்தேன்.
எல்லாக் குழாயும் மூடியிருக்க
சிவப்பு முள் சுற்றிக்கொண்டே இருந்தது.
எங்கோ அடியில் ஒழுக்கு.
வளைவுக்குக் கீழே மண் நைந்து
புல் முளைத்திருக்கிறது, இந்த ஆகஸ்டில்,
சுற்றிலும் வெளியெல்லாம் எரிந்து கிடக்கும்போது.
இரண்டு ஹடீடா, நீள மூக்கு, சாம்பல் நிறம்,
சேற்றில் அலகை இறக்கிப் புழு தேடின.
என்னைப் பார்த்ததும்
ஊரே திரும்பும்படி கத்தின.

ஒழுக்கை உடனே ரிப்போர்ட் செய்யவேண்டும்.
விதி அப்படி.
திங்கட்கிழமை எழுதுகிறேன்.